பதினோரு ஒண்ணு

போன வாரம் நீங்க நாலு பேரும் வூட்டுக்கு வந்திருந்தப்ப, கெளம்பற நேரத்துல ஒரு கேள்வி கேட்டீங்க. "மிஸ், போர்டுல தப்பாப் போட்டுட்டா பசங்க முன்னாடி எப்படிச் சமாளிக்கிறது?" மொதல்ல காபியக் குடிங்கன்னு நான் பேச்ச மாத்திட்டேன். பதில் தெரியாம இல்ல. சொல்ல ஆரம்பிச்சா அழுதுடுவேன். புதுசா வேலைக்கு வந்த புள்ளைங்க முன்னாடி கெழவி ஒருத்தி ஒக்காந்து அழுதா நல்லாவா இருக்கும்? எழுதறதுன்னா பரவாயில்ல. நடுவுல எழுந்து போயி மூஞ்சி கழுவிக்கிட்டு வரலாம்.

லெசன் பிளான் எழுதறது, புளூ பிரின்ட் போடறது எல்லாம் ட்ரெய்னிங்ல சொல்லிக் குடுத்துடுவாங்க. அதுக்கு நான் தேவையில்ல. நான் ஒரே ஒரு எண்ணைப் பத்திச் சொல்றேன். அத வருஷா வருஷம் போர்டுல எழுதின ஒரு மனுஷனப் பத்தியும் சொல்றேன். உங்க கேள்விக்குப் பதில் அதுக்குள்ளதான் இருக்கு.

பாகூர் கொம்யூன் பஞ்சாயத்துல ஒரு கவர்மென்ட் ஸ்கூல். பேரு வேணாம், அங்க இருக்கிறவங்க இன்னும் இருக்காங்க. நானும் அவரும் பத்தாவதுக்குக் கணக்கு. ஏ செக்‌ஷன் அவரு, பி செக்‌ஷன் நானு. நடுவுல ஒரு மரத் தட்டிதான். அவரு அங்க தும்மினா எம் பசங்க இங்க சிரிக்கும். என்ன விட சர்வீஸ்ல மூத்தவரு, அதனால எனக்கு அவரு சாரு. இங்கயும் சாருன்னே வெச்சுக்குவோம்.

சாருக்கு மதகடிப்பட்டு. மெயின் ரோட்டுல அவங்க அண்ணன் பெயின்ட் கட வெச்சிருந்தாரு. பாட்டன் காலத்துலேருந்து யாவாரம் பண்ற குடும்பம். இவரு ஒருத்தருதான் அதுலேருந்து நழுவி வாத்தியாரா வந்துட்டாரு. கேட்டா, "கடக் கணக்குல லாபம், நஷ்டம்னு ரெண்டே பதில்தாம்மா. எனக்கு அது பத்தல"ம்பாரு. ரம்ஜானுக்கு டிபன் கேரியர்ல பிரியாணி வரும். என்னக் கூப்புட்டு, "ஓய், எலும்ப எண்ணிப் பாத்துச் சொல்லு, பகா எண்ணா வருதா?"ன்னு கிண்டல் பண்ணுவாரு.

அந்த எண்ணுக்கு வரேன். பகா எண் பாடம் வந்துச்சுன்னா சாரு போர்டுல வரிசையா பதினோரு ஒண்ணு எழுதுவாரு. ஆயிரத்து நூத்திப் பதினோரு கோடியே பதினோரு லட்சத்துப் பதினோராயிரத்து நூத்திப் பதினொண்ணு. எழுதிட்டு, "இத எந்த எண்ணு மீதி இல்லாம வகுக்கும்? ஒரு வாரம் டைம்"னு சொல்லிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிடுவாரு.

பசங்க வுழுந்து வுழுந்து போடும். ரெண்டு வகுக்காது, அஞ்சு வகுக்காது, கடைசி எலக்கம் ஒண்ணாச்சே. இலக்கத்தக் கூட்டினா பதினொண்ணு, அதனால மூணும் போச்சு. ஏழு ஆவாது. பதினொண்ணாவது வகுக்கும்னு நம்பிப் போட்டா அதுவும் கைய விரிச்சுடும். நாலு ஒண்ணு இருந்தா ரெண்டு ரெண்டா வெட்டலாம், ஆறு ஒண்ணு இருந்தா மூணு மூணா வெட்டலாம். அப்படி வெட்ட முடிஞ்சா அது பகு எண்ணுதான். பதினோரு ஒண்ண எங்கயும் சமமா வெட்ட முடியாது. அதனால பாதிக் கிளாசு ரெண்டே நாள்ல, "இது பகா எண்ணு சார்"னு தீர்ப்பு எழுதிடும்.

வாரக் கடைசியில சாரு சட்டக் கைய மடிச்சு வுட்டுக்கிட்டு வருவாரு. எந்தக் காயிதத்தையும் பாக்காம ரெண்டு எண்ண எழுதுவாரு. 21649. 513239. ஆறு வரியா பெருக்குவாரு. அப்பறம் வலதுலேருந்து கூட்டிக்கிட்டே வந்தா ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணுன்னு வந்து வுழும். பசங்க ஒவ்வொண்ணுக்கும் கத்தும். பதினோராவதுக்குக் கூரையே பறக்கும். எம் பசங்களையும் தட்டியோரம் நின்னு எட்டிப் பாக்கச் சொல்லிடுவேன், எப்படியும் அந்த நேரத்துல பாடம் நடக்காது.

அந்த ரெண்டையும் அவரு கைக்கணக்காவே கண்டுபுடிச்சாரு. மொத போஸ்டிங்ல காரைக்கால்ல தனி ரூம்ல இருந்தப்ப. இத வகுக்கிற பகா எண் எதுவா இருந்தாலும் அத இருவத்திரண்டால வகுத்தா மீதி ஒண்ணுதான் வரணும்னு மொதல்ல கண்டுக்கிட்டாரு. அப்பறம் அந்த மாதிரி எண்ணா மட்டும் பொறுக்கி, இருவத்தி மூணு, அறுவத்தி ஏழு, எம்பத்தி ஒம்போதுன்னு ஒண்ணொண்ணா வகுத்துப் பாத்திருக்காரு. மழைக்காலம் பூரா அதே வேல. கடைசியில மீதி சைபர் வந்தப்ப, பக்கத்து ரூம்காரன எழுப்பி டீ வாங்கிக் குடுத்தாராம். அவன் இன்னா ஏதுன்னு தெரியாம குடிச்சானாம்.

அந்தக் கதையும் அந்த ரெண்டு எண்ணும் எங்க பக்கம் எல்லாருக்கும் மனப்பாடம். அக்கா படிச்சிருப்பா, தம்பி வரும்போது சொல்லி அனுப்புவா. கரியமாணிக்கத்துல ஒரு டீக்கடையில நின்னு கேட்டாக்கூட எவனாவது சொல்லிடுவான். தெரிஞ்சே, தெரியாத மாதிரி ஒரு வாரம் போட்டுப் பாத்து, கடைசி நாள் கத்தறதுதான் வழக்கம். இத ஞாபகம் வெச்சுக்கங்க.

சாருக்கு ரிட்டயர்மென்டுக்கு ரெண்டு வருஷம் இருக்கும்போது ஒவ்வொண்ணா ஆரம்பிச்சுது. பேனாவத் தேடுவாரு, பாக்கெட்டுல இருக்கும். இது எல்லாருக்கும் உள்ளதுதானேன்னு வுட்டுட்டோம். ஒரு நாளு வூட்டுக்குப் போக வேண்டிய மனுஷன் வில்லியனூர்ல பஸ்ஸ வுட்டு எறங்கி, எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம நின்னுருக்காரு. பழைய ஸ்டூடன்ட் ஒருத்தன் பாத்து வண்டியில கொண்டு போயி வுட்டிருக்கான்.

அடுத்த ஞாயித்துக்கெழம அவரு சம்சாரம் ஷமீமக்கா எங்க வூட்டுக்கு வந்தாங்க. தனியா வந்தாங்க. அவருக்குத் தெரியாம வந்திருக்காங்க. சுகர் டெஸ்ட்டுன்னு சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயி, ஸ்கேன் எடுத்திருக்காங்க. டாக்டர் அக்காவ மட்டும் உள்ள கூப்புட்டு, ஞாபக மறதி நோயி, இனிமே கொறஞ்சுக்கிட்டுதான் போவும்னு சொல்லிட்டாரு.

"மாத்திரையச் சுகருக்குன்னு சொல்லித்தான் குடுக்கறேம்மா. அவருக்குத் தெரியக் கூடாது. அவருக்கு எல்லாமே அந்த மூளதான். அது போவுதுன்னு தெரிஞ்சா அன்னிக்கே மனுஷன் செத்துடுவாரு. ஸ்கூல்லேருந்தும் அவர எடுத்துடாதீங்க. கிளாசுக்குப் போயிட்டு வர அன்னிக்குத்தான் அவரு அவரா இருக்காரு."

என் கையப் புடிச்சுக்கிட்டாங்க. நான் வாக்குக் குடுத்துட்டேன். எங்க பக்கம் இது ஒண்ணும் புதுசு இல்ல. வந்த நோய வந்தவனத் தவிர ஊருக்கே சொல்லுவோம். அவன் மட்டும் சத்து மாத்திரன்னு நெனச்சு முழுங்கிக்கிட்டு இருப்பான்.

ஆனா பத்தாவதாச்சே, பப்ளிக் எக்சாமாச்சே. பெரிய மேடம், அதான் எங்க எச்செம், அவங்களுக்கு மட்டும் விஷயத்தச் சொன்னேன். அவங்க பயந்துட்டாங்க. "பசங்களுக்கு மார்க்கு போச்சுன்னா யாரு பதில் சொல்றது?" நான் சொல்றேன்னேன். தெனம் சாயங்காலம் ஏ செக்‌ஷனுக்கு ஸ்பெஷல் கிளாசுன்னு வெச்சு, அன்னிக்கு சாரு நடத்தினத நான் மறுபடி நடத்தினேன். சாருகிட்ட, பெரிய மேடம் உத்தரவு சார், எல்லாத்துக்கும் என் தலைய உருட்டறாங்கன்னு பொலம்பினேன். பாவம், அவரு எனக்காகச் சண்டைக்குப் போறேன்னு கெளம்பிட்டாரு. புடிச்சு ஒக்கார வெச்சேன்.

பசங்ககிட்ட நான் ஒண்ணும் சொல்லல. ஆனா தட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு மாத்தம் தெரிஞ்சுது. ஆரம்பத்துல ஒரு பையன், "சார், தப்பு சார்"னு கத்தினது எனக்கே கேட்டுச்சு. அன்னிக்கு சாரு போர்டையே பாத்துக்கிட்டு நின்னு, எங்க தப்புன்னு கண்டுபுடிக்க முடியாம, நாக்காலியில ஒக்காந்துட்டாரு. பெல் அடிக்கற வரைக்கும் எழுந்துக்கல. அதுக்கப்பறம் அந்தக் கிளாசுல ஒருத்தரும் தப்புன்னு சொன்னதே கெடையாது. அதுக்குப் பதிலா எப்பப் பாத்தாலும், "புரியல சார், இன்னொரு வாட்டி போடுங்க"ன்னு ஒரே கொரலு.

அதுல பாதி கௌசல்யா கொரலு. கரியமாணிக்கத்துப் பொண்ணு, அவங்கம்மா மருந்துக் கம்பெனியில பேக்கிங் வேல. நூத்துக்கு நூறு வாங்கறவ. வராண்டாவுல புடிச்சு நிறுத்தினேன்.

"இன்னாடி, உனக்கே புரியலன்னா இந்த ஸ்கூல்ல யாருக்குடி புரியும்? அவரக் கிண்டல் பண்றீங்களா?"

தலையக் குனிஞ்சுக்கிட்டா. "எனக்குப் புரியுது மிஸ். தப்புன்னு சொன்னா சாரு நாக்காலியில ஒக்காந்துடறாரு. இன்னொரு வாட்டின்னு சொன்னா அவரே கரெக்டாப் போட்டுடறாரு."

போடின்னு சொல்லிட்டு ஸ்டாஃப் ரூமுக்கு வந்து கதவச் சாத்திக்கிட்டேன். பதினஞ்சு வயசுப் புள்ளைங்க, யாரும் சொல்லிக் குடுக்காம, அவங்களுக்குள்ளயே பேசி வெச்சுக்கிட்டு ஒரு மனுஷனத் தாங்கிப் புடிச்சுக்கிட்டு இருக்குங்க. மறுநாள் சாயங்கால கிளாசுல விஷயத்தச் சொல்லி, சாருக்குத் தெரியக் கூடாதுன்னேன். பாத்தா, புள்ளைங்க எல்லாத்துக்கும் முன்னாடியே தெரியும்.

சாருக்கு அந்த வருஷம் பசங்க மேல கொஞ்சம் வருத்தம். "இந்த பேட்ச் கொஞ்சம் மந்தம்மா. ஒவ்வொண்ணையும் ரெண்டு வாட்டி போட வேண்டியிருக்கு. ஆனா கேக்குதுங்க பாரு, அதான் சந்தோஷம்"னாரு. நானும், ஆமா சார், எம் பசங்களும் அப்படித்தான்னு ஒத்து ஊதினேன்.

ரிவிஷன் நேரத்துல அவரே மறுபடி பதினோரு ஒண்ண எழுதினாரு. எழுதி ஒரு வாரம் டைம் குடுத்தாரு. வாரக் கடைசியில சட்டக் கைய மடிச்சுக்கிட்டுப் போனதப் பாத்தேன். எம் பசங்களுக்கு ஒரு டெஸ்ட் குடுத்துட்டு வாசலண்ட போயி நின்னேன்.

சாரு எழுதினாரு. 21469.

நாலும் எடம் மாறிப் போச்சு, ஆறும் எடம் மாறிப் போச்சு. கிளாசுல அந்த நிமிஷமே அத்தினி பேருக்கும் தெரிஞ்சு போச்சு. சாரு கீழ 513239ன்னு சரியா எழுதி, ஆறு வரியும் பெருக்கினாரு. கூட்ட ஆரம்பிச்சாரு. ஒண்ணு வந்துச்சு. அடுத்தது ஒம்போது வந்துச்சு.

நின்னுட்டாரு.

"புரியல சார், இன்னொரு வாட்டி போடுங்க"ன்னா கௌசல்யா. அழிச்சுட்டு மறுபடி எழுதினாரு. மறுபடி 21469. மறுபடி ஒம்போது. பின்னாடி பெஞ்சுலேருந்து ஒரு பையன், "இன்னொரு வாட்டி சார்"னான். இந்த வாட்டி சாரு அழிக்கல. வெரல வெச்சு ஒவ்வொரு வரியா மேலேருந்து பாத்துக்கிட்டு வந்தாரு. இவரு கண்டுபுடிச்சுடுவாருன்னு எனக்குப் பட்டுச்சு. ஏன்னா, அந்த மனுஷனுக்கு ஞாபகம்தான் போயிருந்துச்சு, யோசிக்கிறது போகல.

"ரெண்டும் ஏழும் ஒம்போது. சரியா?"

"சரி சார்."

"பெருக்கினதுல ஏதாவது தப்பு இருக்கா?"

"இல்ல சார்."

"அப்ப ஆரம்பிச்சதே தப்பு"ன்னாரு. சொல்லிட்டுத் திரும்பிக் கிளாசப் பாத்தாரு. ஒரு புள்ள முகத்துலயும் ஆச்சரியம் இல்ல. அதத்தான் அவரு பாத்தாரு.

"இது தப்புன்னு எத்தினி பேருக்குத் தெரியும்? கையத் தூக்குங்க."

யாரும் தூக்கல.

"தூக்குங்கடா."

மொதல்ல ஒரு கை எழுந்துச்சு. அப்பறம் எல்லாக் கையும் எழுந்துச்சு.

"கௌசல்யா, எழுந்திரு. இன்னா தப்பு?"

"நாலும் ஆறும் மாறிப் போச்சு சார்."

"எப்பத் தெரியும் உனக்கு?"

"நீங்க எழுதும்போதே தெரியும் சார்."

"அப்பறம் இன்னா புரியலன்னு கேட்ட?"

சாரு அந்த வாக்கியத்தையே தனக்குள்ள ரெண்டு மூணு வாட்டி சொல்லிப் பாத்துக்கிட்டாரு. புரியல சார், இன்னொரு வாட்டி. வருஷம் பூரா கேட்டது எல்லாத்தையும் அவரு ஒண்ணாக் கோத்துப் பாக்கறது எனக்கு வாசல்ல நின்னே தெரிஞ்சுது. அப்பறம் என்னப் பாத்தாரு.

"எனக்கு இன்னாமா ஆயிருக்கு?"

"வாங்க சார், வெளிய போயி பேசுவோம்"னேன்.

"இவங்க எல்லாருக்கும் தெரிஞ்சது எனக்குத் தெரியக் கூடாதா? இங்கயே சொல்லு."

உங்களுக்கு யாருக்கும் அந்த மாதிரி ஒரு நிமிஷம் வரக் கூடாது. ஷமீமக்கா புடிச்ச கை இன்னும் என் கையில இருக்கற மாதிரி இருந்துச்சு. ஆனா கணக்கு வாத்தியாரு ஒருத்தரு விடைய முக்கால்வாசி கண்டுபுடிச்சுட்டு நிக்கறாரு, அவருகிட்ட போயி பொய் சொல்ல எனக்கு வாய் வரல. "ஞாபகம் போவுது சார். அந்த மாத்திர சுகருக்கு இல்ல. இனிமே திரும்பி வராதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு"ன்னு சொல்லிட்டேன்.

கத்துவாருன்னு நெனச்சேன். கத்தல. தலைய மெல்ல ஆட்டினாரு, ஒரு பையன் சரியான விட சொன்னா ஆட்டுவாரே, அந்த மாதிரி. அப்பறம் பசங்களப் பாத்துச் சொன்னாரு:

"தப்புன்னு சொல்லியிருந்தா எனக்குக் கோவம் வந்திருக்கும். ஆனா நான் உங்க வாத்தியாராவே இருந்திருப்பேன்."

கௌசல்யா அழுதுட்டா. "சொன்னா நீங்க வூட்டுக்குப் போயிடுவீங்கன்னு பயமா இருந்துச்சு சார்."

சாரு அவள போர்டுக்குக் கூப்புட்டு, சரி பண்ணச் சொன்னாரு. அவ நாலையும் ஆறையும் மாத்தி எழுதி, மூக்க உறிஞ்சிக்கிட்டே ஆறு வரியும் பெருக்கினா. ஒண்ணு ஒண்ணா வந்து வுழுந்துச்சு. ஒருத்தரும் கத்தல. பதினோராவது வர வரைக்கும் சாரு நின்னு பாத்தாரு. "கரெக்ட்"னாரு. அப்பறம் டிபன் பையை எடுத்துக்கிட்டு நேரா பெரிய மேடம் ரூமுக்குப் போயி, மெடிக்கல் கிரவுண்டுல என்ன வுட்டுடுங்கன்னு அவரே எழுதிக் குடுத்துட்டாரு. மறுநாள்லேருந்து ரெண்டு செக்‌ஷனையும் ஒண்ணாப் போட்டு நானே நடத்தினேன். தட்டிய எடுத்துட்டாங்க. அந்தப் பசங்க நல்ல மார்க்குதான் வாங்கிச்சுங்க, அத யாரும் கொற சொல்ல முடியாது.

இப்ப நீங்க கேட்டதுக்கு வரேன். சமாளிக்காதீங்கபா. தப்பாப் போட்டா, தப்பாப் போட்டுட்டேன்னு சொல்லி அழிங்க. எதுக்கும் வாயத் தொறக்காத புள்ளகூட, எழுந்து "தப்பு மிஸ்"னு உங்க மூஞ்சிக்கு நேரா சொல்ற மாதிரி கிளாச வெச்சுக்கங்க. நல்லாப் படிக்கிற புள்ள ஒண்ணு புரியலன்னு சொன்னா, அத மொறைக்கறதுக்கு முன்னாடி போர்டத் திரும்பி ஒரு வாட்டி பாருங்க. பசங்க நம்ம மேல கோவப்பட்டாத் தாங்கிக்கலாம். பாவப்பட்டாத் தாங்க முடியாது. அன்னிக்கு நாங்க எல்லாரும் பண்ணது சரியா தப்பான்னு எங்கிட்ட கேக்காதீங்க. ஒரு நாளு சரின்னு தோணுது, ஒரு நாளு அடிச்சுக்கலாம் போல இருக்கு. அதுக்கப்பறம் கொஞ்ச வருஷம்தான் சாரு இருந்தாரு. கடைசியில என்னத் தெரியல, அண்ணனத் தெரியல, கணக்குன்னா இன்னான்னே தெரியல.

சாரு எழுதிக் குடுத்துட்டுப் போன அந்த நாளு சாயங்காலம் ஷமீமக்கா போன் பண்ணாங்க. எடுக்கவே எனக்குப் பயம். திட்டுவாங்கன்னு நெனச்சேன், திட்டியிருந்தா வாங்கிக்கிட்டிருப்பேன்.

"அவருக்குத் தெரிஞ்சு போச்சாம்மா?"

"ஆமாக்கா. நான்தான் சொன்னேன்."

பின்னாடி ஓடிக்கிட்டிருந்த டிவிய நிறுத்தினாங்க.

"வந்ததும் வராததுமா, உனக்கு எத்தினி நாளாத் தெரியும்னு கேட்டாரு. ஒரு வருஷம் ஆவுதுன்னேன்."

"இன்னாக்கா சொன்னாரு?"

"கோவப்படுவாருன்னு நடுங்கிக்கிட்டு நின்னேம்மா. பக்கத்துல வந்து ஒக்காந்து, 'ஒரு வருஷமா தனியாவா அழுத?'ன்னு கேட்டாரு."